குதிரை சைலன்சரில் இல்லை, மச்சி!

(இறுதியாண்டு ஆட்டோமொபைல் மாணவன் ஒருவன்)

நம்ம கல்லூரி வண்டி ஸ்டாண்டில் ஒரிஜினல் சைலன்சரோடு நிற்கும் வண்டிகளை எண்ணிப் பாருங்கள் நண்பர்களே. ஒரு கை விரல்கள் போதும். "ஏண்டா வெட்டினே?" என்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்தான். "பவர் ஏறும் மச்சி!"

ஏறாது. சத்தம் ஏறும். அடையாறு சிக்னலில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், அதில் ஒருவர் டிராஃபிக் போலீஸ்காரராக இருப்பார். அவ்வளவுதான்.

அதிலும் அப்பா காலத்து யமஹா ஆர்.எக்ஸ்.100-ஐ வைத்துக்கொண்டு சைலன்சரை அறுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு அழுகையே வருகிறது. 98 சி.சி.யில் 11 குதிரைத்திறன் தந்த டூ ஸ்ட்ரோக் வண்டி அது. அதன் சைலன்சர் வெறும் புகைக் குழாய் கிடையாது. உள்ளே விரிந்து சுருங்கும் அந்த வடிவம் அழுத்த அலையைத் திருப்பி அனுப்பி, வெளியே ஓடப் பார்க்கும் புது மிக்ஸரை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அதாவது சைலன்சரும் எஞ்சினில் ஒரு பாகம். அதை அறுத்துவிட்டுப் பவர் ஏறியது என்று சொல்வது, மூக்கை அறுத்துவிட்டு மூச்சு நன்றாக வருகிறது என்று சொல்வது மாதிரி.

சரி, பைக்கை விடுங்கள். நான் பேச வந்தது கார் எஞ்சினைப் பற்றி. காரணம், நம் லேபில் இருப்பது கார் எஞ்சின். ஒரு கார் எஞ்சினில் நிஜமாகவே குதிரைத்திறனைக் கூட்டுவது எப்படி, அதைச் செய்யத் தகுதியான ஆள் யார் என்பதுதான் விஷயம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஆள் நாம்தான். ஆனால் நாம் செய்வதில்லை!

தெர்மல் லேப் ரெக்கார்டில் எல்லோரும் எழுதிய ஃபார்முலா ஞாபகம் இருக்கிறதா? டார்க்கை வேகத்தால் பெருக்கினால் பவர். அதற்குமேல் மந்திரம் ஒன்றும் இல்லை. பழைய மாருதி 800-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று சிலிண்டர், போர் 68.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 72. பெருக்கிப் பாருங்கள், 796 சி.சி. சரியாக வரும். கார்புரேட்டர் மாடலில் 5000 சுற்றில் சுமார் 37 குதிரைத்திறன். திருப்பிக் கணக்குப் போட்டால் அந்த வேகத்தில் டார்க் ஏறத்தாழ 53 நியூட்டன் மீட்டர். இதே 53-ஐ 7000 சுற்றிலும் விடாமல் பிடித்து வைக்க முடிந்தால் 52 குதிரை. ஒரு சி.சி.கூட ஏற்றாமல் 15 குதிரை லாபம்!

"விடாமல் பிடித்து வைக்க முடிந்தால்" என்றேன் பாருங்கள், முழு வித்தையும் அங்கேதான் இருக்கிறது. 5000 சுற்றில் இந்தக் குட்டி எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 லிட்டர் காற்றை இழுக்க வேண்டும். 7000 என்றால் 2800 லிட்டர். அந்தச் சின்ன வால்வு வழியாக, அந்தச் சின்ன போர்ட் வழியாக, நொடியின் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் சிலிண்டர் நிறைய வேண்டும். நிறையாது. அதனால் டார்க் சரிகிறது, பவர் நின்றுவிடுகிறது. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், காற்றைத்தான் ஊற்ற முடியாது. கத்திரி வெயிலில் மயிலாப்பூர் மாட வீதியில் 40 டிகிரி அடிக்கும்போது, 25 டிகிரியில் இருக்கும் காற்றைவிட அது நூற்றுக்கு ஐந்து பங்கு லேசாகி விடுகிறது. எஞ்சினும் ஏறக்குறைய அந்த அளவுக்குச் சோர்ந்துவிடுகிறது. வெயிலில் நமக்கு மட்டும்தான் கஷ்டம் என்று நினைக்காதீர்கள்.

காற்றுக்காக எஞ்சினை மாற்றுவது என்ன வித்தியாசத்தைத் தரும்? உதாரணத்துக்கு லண்டன் போக வேண்டாம், வண்டலூர் போனால் போதும். 1961 முதல் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி அங்கேதான் ஹெரால்டு கார் செய்தது. 948 சி.சி. எஞ்சின். இதே எஞ்சின் 1959-ல் இங்கிலாந்தில் வெளிவந்தபோது, ஒற்றைக் கார்புரேட்டர் மாடலில் 34.5 குதிரை, இரட்டைக் கார்புரேட்டர் போட்ட மாடலில் 45. எஞ்சின் அளவு ஒன்றே, மூச்சு விடும் வழிதான் வேறு.

நம்ம அம்பாசிடர் கதை இன்னும் வேடிக்கை. அதில் பல வருஷம் ஓடிய 1489 சி.சி. பி சீரிஸ் எஞ்சின் தந்தது ஐம்பது சொச்சம் குதிரை. அதே குடும்பத்து 1489 சி.சி. எஞ்சினை 1955-ல் எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரில் வைத்தார்கள். முதலில் 68, பிறகு 72 குதிரை! இரண்டு எஸ்.யு. கார்புரேட்டர், கொஞ்சம் கூடுதல் கம்ப்ரஷன், கேம், ஹெட் வேலை. இத்தனைக்கும் அந்த ஹெட்டில் நாலு சிலிண்டருக்கு இரண்டே இரண்டு இன்லெட் போர்ட்தான். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் ஒரே வாசலைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். திருவல்லிக்கேணி மேன்ஷன் பாத்ரூம் மாதிரி.

இந்தக் கார்களை எல்லாம் நம் ஊர்க்காரர்கள் சும்மா விடவில்லை. சோழவரத்தில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1950-களிலிருந்து பல வருஷம் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் ரேஸ் நடத்தியது. வீட்டில் அப்பாவையோ பெரியப்பாவையோ கேட்டுப் பாருங்கள், கண் விரியும். இம்போர்ட் லைசென்ஸ் காலம் அது. வெளிநாட்டு ரேஸ் கேம் ஷாஃப்ட்டோ பிஸ்டனோ கடையில் வாங்கிவிட முடியாது. ஃபியட், ஹெரால்டு, அம்பாசிடர் என்று ரோட்டில் ஓடிய கார்களின் எஞ்சினையே பிரித்துப்போட்டு, இங்கேயே கடைந்து, இங்கேயே கிரைண்ட் பண்ணி ஓட்டினார்கள். ஸ்டியரிங் பிடித்தவர்களின் பெயர் பேப்பரில் வந்தது. லேத் பிடித்தவர்கள் பெயர் எதில் வந்தது? அவர்கள் எல்லாம் நம் ஜாதி நண்பர்களே. டர்னர், ஃபிட்டர், கிரைண்டர் ஜாதி.

புதுப்பேட்டைச் சந்தில் வேலை பார்க்கும் ஒரு வயதான டர்னரிடம் போன வருஷம் பேசிக்கொண்டிருந்தேன். "அண்ணே, ஹெட் ஃபேஸிங் பண்ணினா பவர் ஏறுமா?" என்று கேட்டேன். அவர் நிமிராமலே சொன்னார். "ஏறும் தம்பி. எவ்ளோ எடுக்கறேன்னு எனக்குத் தெரியும். எவ்ளோ எடுக்கணும்னு உனக்குத் தெரியுமா? அதை எழுதிக்கினு வா."

எழுதிக்கொண்டு போவது எப்படி? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

796-ஐ மூன்றால் வகுத்தால் ஒரு சிலிண்டருக்கு 265.3 சி.சி. கம்ப்ரஷன் 8.7 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம் சுமார் 34.5 சி.சி. அதைப் 10-க்குக் கொண்டுபோக வேண்டுமானால் 29.5 சி.சி. ஆக்க வேண்டும். ஐந்து சி.சி. குறைக்கணும். இந்த 34.5-ல் எவ்வளவு ஹெட்டில் இருக்கிறது, எவ்வளவு கேஸ்கெட்டில் இருக்கிறது, எவ்வளவு பிஸ்டன் தலையில் இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அளக்கத்தான் வேண்டும். எதால்? முதல் வருஷம் கெமிஸ்ட்ரி லேபில் டைட்ரேஷன் பண்ணினோமே, அந்த ப்யூரெட்டால்! ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, பிளக்கை முடுக்கி, வால்வு விளிம்பில் கிரீஸ் தடவி, ஓட்டை போட்ட கண்ணாடி மாதிரியான அக்ரிலிக் துண்டால் மூடி, சாயம் கலந்த மண்ணெண்ணெயை ப்யூரெட்டில் இறக்கினால் சேம்பர் அளவு சொட்டுக் கணக்கில் தெரிந்துவிடும். மூன்று சேம்பரும் ஒரே அளவில் இருக்காது, பந்தயம் கட்டுகிறேன். முதல் வேலை மூன்றையும் சமமாக்குவது. ஒன்று அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் இருந்தால், அதிகக் கம்ப்ரஷன் உள்ள சிலிண்டர் முதலில் நாக் ஆகும். மற்ற இரண்டும் அதற்காகக் காத்திருக்க வேண்டும்.

பிறகு ஃபேஸிங். சேம்பர் வாய் முழு போர் அகலத்துக்கு இருந்தாலே ஐந்து சி.சி.க்கு 1.3 மில்லிமீட்டருக்கு மேல் எடுக்கணும். வாய் சின்னதாக இருந்தால் இன்னும் அதிகம். இங்கேதான் பலரும் குப்புற விழுகிறார்கள். மாருதி எஞ்சினில் கேம் ஷாஃப்ட் ஹெட்டுக்கு மேலே இருக்கிறது. ஹெட் தாழ்ந்தால் கேமும் க்ராங்க்கிடம் நெருங்கி வருகிறது, டைமிங் பெல்ட் தளர்கிறது, டென்ஷனரை இறுக்கினாலும் கேம் டைமிங் ஓரிரண்டு டிகிரி பின்னால் தங்கிவிடுகிறது. வால்வும் பிஸ்டனும் முட்டுமா என்றும் பார்க்க வேண்டும். ஸ்கூல் பிள்ளைகள் விளையாடும் கலர் களிமண் லஸ் கார்னர் ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும். பிஸ்டன் தலையில் கொஞ்சம் அப்பி, ஹெட்டை மாட்டி, கையால் க்ராங்க்கை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிரித்தால், களிமண்ணில் வால்வு பதிந்த இடத்தின் தடிமன்தான் இடைவெளி.

இத்தனை பாடுபட்டால் என்ன கிடைக்கும்? ஆட்டோ சைக்கிள் ஃபார்முலாவில் 8.7-ஐயும் 10-ஐயும் போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு நாலு பங்கு. 37 குதிரை 38.5 ஆகும். ஒன்றரைக் குதிரை! "இதுக்குத்தானா இத்தனை?" என்று கேட்கிறீர்களா? ஆமாம், இதுக்குத்தான். பவர் இப்படித்தான் ஏறும். ஒன்றரை இங்கே, ரெண்டு கேமில், ஒன்று போர்ட்டில். ஒரே நாளில் இருபது குதிரை ஏற்றித் தருகிறேன் என்று சொல்கிறவர் உங்கள் பர்ஸின் எடையைத்தான் குறைப்பார்.

அதோடு 2025-ல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்க்குகளுக்கு வந்துவிட்டது. எத்தனால் நாக்கிங்கை நன்றாகத் தாங்கும், கம்ப்ரஷனைக் கூட்ட நினைப்பவனுக்கு அது சௌகரியம். ஆனால் சுத்தப் பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால், இந்தக் கலவைக்கு சுமார் 13.5-தான். பழைய ஜெட்டையே வைத்துக்கொண்டு ஓட்டினால் மிக்ஸர் வற்றிப் போகும், சூடு ஏறும். ஜெட்டையும் மாற்றத் தெரிந்தால்தான் லாபம் கைக்கு வரும்.

அடுத்தது வேகம். 7000 சுற்று என்று வாயால் சொல்லிவிட்டேன். அதற்கு விலை கொடுக்கிறவன் கனெக்டிங் ராட். வேகம் 1.4 மடங்கு ஆனால் பிஸ்டனைப் பிடித்து நிறுத்தித் திருப்பும் விசை அதன் வர்க்கம், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! பிஸ்டனும் பின்னும் ரிங்கும் சேர்ந்து கால் கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 5000 சுற்றில் மேல் முனையில் அது ஏறத்தாழ 320 கிலோ கனத்தில் ராடை இழுக்கும். 7000-ல் ஏறத்தாழ 630 கிலோ. கால் கிலோ சாமான் கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டையே தூக்கிக்கொண்டு போகிற கதை! ஒரு நொடியில் நூறு தடவைக்கு மேல் இப்படி இழுபட்டால், தரமில்லாத ராட் போல்ட் ஒன்று போதும், ராட் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்க்கும். அதனால்தான் ரேஸ் எஞ்சின் கட்டுகிறவர்கள் மூன்று பிஸ்டனையும் மூன்று ராடையும் நிறுத்துப் பார்த்து, கிராம் கணக்கில் தேய்த்துச் சமமாக்குகிறார்கள். தி.நகர் உஸ்மான் ரோடு நகைக்கடையில் மில்லிகிராம் வரை நிறுக்கிறார்கள். நமக்கு ஒரு கிராம் சுத்தமாகத் தெரிந்தால் போதும்.

நம்ம ஊரில் இது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பெயர் சொல்கிறேன். எஸ். கரிவரதன், கோவைக்காரர். எண்பதுகளின் கடைசியில் மாருதி 800-ன் எஞ்சினை எடுத்து ஓர் ஒற்றை இருக்கை ரேஸ் காரில் வைத்தார். ஃபார்முலா மாருதி என்று பெயர். ஊரில் எந்த ஒர்க்‌ஷாப்பிலும் உதிரி பாகம் கிடைக்கும் எஞ்சின், கைக்கெட்டும் செலவில் ரேஸ். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ட்ராக் வந்த பிறகு, ஒரு தலைமுறையே அந்தக் காரில் ரேஸ் பழகியது. 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனின் ஆரம்பமும் அதில்தான். கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். கோவை ட்ராக்குக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

வெளிநாட்டிலும் இதே கதைதான், தொகைதான் வேறு. 1962-ல் பி.எம்.டபிள்யூ. 1500 என்ற குடும்பக் காரில் 80 குதிரையோடு வந்த நாலு சிலிண்டர் இரும்பு பிளாக்கை வைத்தே டர்போ எஞ்சின் செய்தார்கள். 1983-ல் நெல்சன் பிக்கே ஃபார்முலா ஒன் சாம்பியன் ஆனது அதில்தான். ரேஸில் அறுநூறு குதிரைக்கு மேல்! டர்போ என்ன செய்கிறது? முன்னே சொன்னேனே, காற்றை ஊற்ற முடியாது என்று. அது ஊற்றுகிறது. 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரி வெளிச்சத்தில் ஃபார்முலா 4 கார்கள் பறந்தபோது கம்பி வேலியில் தொங்கிக்கொண்டு பார்த்தோமே, அதுவும் 1.3 லிட்டர் டர்போதான்.

"இனிமே எல்லாம் எலக்ட்ரிக்டா, எஞ்சினைக் கட்டிக்கிட்டு அழுவுறியே" என்று இ.இ.இ. நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். டார்க்கை வேகத்தால் பெருக்கும் கணக்கு மோட்டாருக்கும் அதேதான் சாமி. டைனமோமீட்டரும் அதேதான். அளக்கப் பழகின கை எதையும் அளக்கும்.

ரோட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடிக்காத பாகம் இது. இவ்வளவும் படித்துவிட்டு நாளைக்கே அப்பாவின் காரைப் பிரிக்கக் கிளம்பாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, பதிவான விவரத்துக்கும் கம்பெனி தந்த ஸ்பெசிஃபிகேஷனுக்கும் மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருஷத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை ஜெயிலும் உண்டு. ஈ.சி.ஆரில் ராத்திரி ரேஸ் விடுகிறவர்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. சட்டத்தைவிட எனக்கு முக்கியம் வேறு. 37 குதிரைக்கு என்று போட்ட பிரேக்கையும் டயரையும் வைத்துக்கொண்டு 52 குதிரையை ஓட்டுகிறவன், எதிரே பால் வாங்கிக்கொண்டு வருகிறவரின் உயிரையும் சேர்த்துத்தான் பந்தயம் கட்டுகிறான். எஞ்சின் கட்டுவது ட்ராக்குக்கும் டெஸ்ட் பெஞ்சுக்கும்தான்.

டெஸ்ட் பெஞ்ச் நம்மிடம் இருக்கிறது! கோபத்தோடுதான் சொல்கிறேன். லேபில் பல சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் ஒன்று ஹைட்ராலிக் டைனமோமீட்டரோடு உட்கார்ந்திருக்கிறது. மோர்ஸ் டெஸ்ட்டுக்காக வருஷத்தில் ஒரு தடவை ஓடுகிறது. ஒவ்வொரு பிளக்காகக் கட் பண்ணி, ரீடிங் எடுத்து, சில பேர் எடுக்காமலே எழுதி, கையெழுத்து வாங்கி, மறுபடி கோணிச் சாக்கைப் போட்டு மூடிவிடுகிறோம். எந்த சிலிண்டர் எவ்வளவு பவர் தருகிறது, உராய்வில் எவ்வளவு போகிறது என்று தனித்தனியாகச் சொல்லும் சோதனை அது. எஞ்சின் ட்யூன் பண்ணுகிறவனுக்கு வரப்பிரசாதம். நமக்கு ரெக்கார்டில் ஆறு பக்கம்.

ஆறாவது செமஸ்டரில் என்ன செய்கிறோம்? தி.நகரில் ஒரு மாடிப்படி ஏறுகிறோம். ப்ராஜெக்ட் சென்டர். மெனு கார்டு மாதிரி லிஸ்ட். ஆளுக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணி, பெயின்ட் அடித்த மாடலும் பைண்டிங் போட்ட ரிப்போர்ட்டுமாக வாங்கிக்கொண்டு வருகிறோம். வைவாவில் "இந்த ஸ்பிரிங் எதற்குப்பா?" என்று கேட்டால் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறோம். வாங்க வசதியில்லாத நண்பன், கையால் ஏதோ கோணலாகச் செய்து கொண்டுவந்து குறைந்த மார்க் வாங்குகிறான். கேம்பஸ் இன்டர்வியூவில் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்தால் யார் ஒழுங்காகப் படிப்பார்கள் என்று நீங்களே சொல்லுங்கள். ஃபார்முலா மாணவர் போட்டிகளில் நம் காதில் விழும் பெயர்கள் பெரும்பாலும் பி.இ. கல்லூரிகள்தான். அங்கே எல்லா எஞ்சினும் 20 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றின் வழியாகத்தான் மூச்சு விட வேண்டும் என்று விதி. சைக்கிள் கேப்பில்கூட அதைவிடப் பெரிய ஓட்டை கிடைக்கும். அந்த ஓட்டைக்குள் புகுந்து பவர் எடுப்பது பணத்தால் மட்டும் ஆகிற காரியமா? லேத் முன்னால் நின்றவன் செய்கிற வேலை அது.

ஆகவே யூனியனுக்கு என் கோரிக்கை. கலைவிழா லைட் மியூசிக் செலவில் ஒரு பகுதியை ஒதுக்குங்கள். (உதைக்க வராதீர்கள், ஒரு பகுதிதான்!) பழைய மாருதி 800 எஞ்சின் ஒன்று புதுப்பேட்டையில் பேரம் பேசி வாங்கலாம். அந்தக் காரின் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டாலும் பாகங்களுக்குக் குறைவில்லை. நம் டைனமோமீட்டரில் ஏற்றி, முதல் வேலையாக எதையும் தொடாமல் பவர் கர்வ் எடுப்போம். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மறுபடி எடுப்போம். ஏறினால் ஏறியது என்றும் இறங்கினால் இறங்கியது என்றும் எழுதி, நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். மெக்கானிக்கல் நண்பர்கள் ஃபேஸிங்கையும் ராட் எடையையும் பார்க்கட்டும், இ.சி.இ.காரர்கள் எக்ஸாஸ்ட் தெர்மோகப்பிளைப் பார்த்துக்கொள்ளட்டும். மூன்று பிராஞ்ச் ஜூனியர்களும் கூட நிற்கட்டும், நாங்கள் போன பிறகு எஞ்சின் அவர்கள் கையில்தான் இருக்கப்போகிறது. ரோட்டுக்கே வராத எஞ்சினுக்கு ஆர்.டி.ஓ.வும் கிடையாது, டிராஃபிக் போலீசும் கிடையாது.

லேப் சாவிக்கு ஹெச்.ஓ.டி.யிடம் மனு எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் ஆட்டோமொபைல் பிளாக் பக்கம் வரலாம். கெமிஸ்ட்ரி லேபில் ப்யூரெட்டை மட்டும் இப்போதே சொல்லி வைத்துவிடுவது நல்லது. செமஸ்டர் ப்ராக்டிகல் ஆரம்பித்துவிட்டால் தரமாட்டார்கள்.